எல்கேஜி வகுப்பில் மஞ்சள் தினம்: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்து, அழுகையெல்லாம் ஓய்ந்து, பிள்ளைகள் வகுப்பில் நிலைகொள்ள ஆறேழு வாரம் ஆகிவிடும். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ அலுவலகத்திலிருந்து தகவல் வரும்: “மிஸ், அடுத்த வெள்ளிக்கிழமை உங்க வகுப்புக்கு எல்லோ டே.” புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் உடனே போனை எடுத்து மஞ்சள் பலூன் அலங்காரப் படங்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். தேடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இப்படி ஒரு நிறத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிற வண்ண தினத்தின் வேலை மிக எளியது. மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளை தன்னைச் சுற்றியிருக்கும் பொருள்களில் ஒரு நிறத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். அதற்கு உதவுகிற எதையும் செய்யுங்கள். உதவாததற்குப் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டாம். பலூன், தெர்மாகோல் எழுத்து, மஞ்சள் கேக் எல்லாம் படத்தில் அழகாக விழும். ஆனால் பிள்ளை கையில் எடுத்து, முகர்ந்து, பிய்த்துப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

முதலில் எந்த நிறம்?

நிறத்தை உங்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் இந்த மூன்றில் ஒன்றில் தொடங்குங்கள். பச்சையும் ஆரஞ்சும் பிறகு வரட்டும். மஞ்சளும் நீலமும் பழகிய பிள்ளைகளுக்கு முன்னாலேயே இரண்டையும் கலந்து பச்சையை வரவழைக்கலாம், அந்த வேடிக்கையை முன்கூட்டியே கெடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பிள்ளைகளுக்கு நிறம் பழக்க உருவாக்கிய வண்ணப் பலகைகளிலும் முதல் பெட்டியில் இந்த மூன்று நிறங்கள்தான், நிறத்துக்கு ஒரு ஜோடி. அவர் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் நம் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தவர். அந்தப் பலகைகளை வாங்க வசதியில்லாத பள்ளிதான் பெரும்பாலும் நமக்கு வாய்க்கும். தையல் கடையில் மிஞ்சும் துணித் துண்டுகளை ஜோடி ஜோடியாக வெட்டி அட்டையில் ஒட்டினால் அதே வேலை நடக்கும்.

இந்தக் கட்டுரைக்கு மஞ்சளையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கிற நிறம் அது. சமையலறையில் இருக்கிறது, பூக்கடையில் இருக்கிறது, பள்ளி வாசலில் நிற்கும் ஆட்டோவிலும் வேனிலும் இருக்கிறது.

ஒரு வாரம் முன்பு: பெற்றோருக்குத் தகவல்

டைரியில் ஒட்டும் சீட்டோ வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தியோ, வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். “பிள்ளைகளை மஞ்சள் உடையில் அனுப்பவும்” என்று ஒரு வரி மட்டும் போட்டால் அன்று மாலையே யாராவது ஓர் அம்மா கடைத்தெருவுக்கு ஓடுவார். சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கிற வீட்டில் அது சின்னச் செலவு இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“அன்புள்ள பெற்றோருக்கு, வரும் வெள்ளிக்கிழமை எல்கேஜி வகுப்பில் மஞ்சள் தினம். வீட்டில் மஞ்சள் நிறச் சட்டை இருந்தால் போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் யூனிஃபார்மிலேயே வரலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மஞ்சள் பொருளைப் பிள்ளையையே தேடி எடுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். உடையக்கூடியதும் விலை உயர்ந்ததும் வேண்டாம். பழம், பருப்பு போன்ற எந்த உணவாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் டைரியில் எழுதி அனுப்புங்கள்.”

“பிள்ளையையே தேடி எடுக்கச் சொல்லி” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை இரவு வீட்டுக்குள் மஞ்சளைத் தேடி ஒரு பிள்ளை அலைகிறதே, வண்ண தினத்தில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது. டப்பா மூடி, துணிக் கிளிப், எலுமிச்சம்பழம், அப்பாவின் பழைய டைரி என்று எதுவும் வரலாம். ஆரஞ்சு நிறப் பொருளைக் கொண்டுவரும் பிள்ளையும் நிச்சயம் இருக்கும். அந்தப் பொருள் நமக்குத் தேவைப்படும், பின்னால் சொல்கிறேன்.

என்ன எழுதினாலும் இரண்டு மூன்று பிள்ளைகள் வேறு நிற உடையில்தான் வருவார்கள். அதற்கு வழி எளிது. மஞ்சள் கிரேப் காகிதத்தை நீளமாக வெட்டி, வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பட்டைகள், கூடவே உங்களுக்கும் ஆயாம்மாவுக்கும் ஒன்று. காலையில் வகுப்புக்குள் வரும்போதே எல்லோர் மணிக்கட்டிலும் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். ஊக்கு வேண்டாம், பிள்ளைகள் கழற்றிவிடும். எல்லோர் கையிலும் மஞ்சள் ஏறிவிட்டால் யார் என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் போய்விடும். “பெஸ்ட் டிரஸ்” பரிசு வைக்கலாமா என்று நிர்வாகம் கேட்டால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்தப் பரிசு பெற்றோரின் பணப்பைக்குப் போகிற பரிசு.

முந்தைய நாள்: பொருள் சேர்ப்பது

ஒரு கூடையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்கோ மார்க்கெட்டுக்கோ ஒரு நடை போய் வந்தால் முடிந்தது. எலுமிச்சை நான்கு, வாழைப்பழம் ஒரு சீப்பு, நன்றாகக் காய்ந்த மஞ்சள் கிழங்கு, சின்னப் பரங்கிக்காய் ஒன்று, சாமந்தி, செண்டுமல்லி, பருவம் இருந்தால் ஒரு மாம்பழம், பலாச்சுளை. ரோபஸ்டா வாங்காதீர்கள், பழுத்தும் பச்சையாகவே இருந்து பிள்ளைகளைக் குழப்பும். பூவனோ ஏலக்கியோ நல்லது.

பூ பறிக்கப் போகும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மஞ்சள் அரளி, பொன்னரளி என்று சொல்கிற செடி கோயில் ஓரத்திலும் பள்ளி வேலியிலும் பளிச்சென்று பூத்து நிற்கும். கண்ணுக்கு அதைவிட நல்ல மஞ்சள் கிடையாது. ஆனால் அந்தச் செடி முழுவதும் நஞ்சு, விதை இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அதன் பூவோ காயோ ஒன்றுகூட வரக்கூடாது. ஆயாம்மாவிடமும் சொல்லிவைத்துவிடுங்கள், நல்ல மனதோடு ஒரு கைப்பிடி பறித்து வந்துவிடுவார்.

பள்ளி வளாகத்தில் பூவரச மரம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் பூ காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செம்மை படரும். மரத்தில் இன்றைய பூ, தரையில் நேற்றைய பூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு பைசா செலவில்லை.

அன்று காலை

இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள், நீங்கள் ஒருவர், ஆயாம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நடவடிக்கைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு காரியங்கள் தாராளம்.

முதலில் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் கொண்டுவந்த பொருளை நடுவில் விரித்த வெள்ளைத் துணியில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணி முக்கியம், பூப்போட்ட பாயில் நிறம் எடுபடாது. எதுவும் கொண்டுவராத பிள்ளைக்கு உங்கள் கூடையிலிருந்து ஒன்றை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள்.

இங்கே பேசும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். “மஞ்சள் எலுமிச்சை, மஞ்சள் மூடி” என்று சொல்வதைவிட “இந்த எலுமிச்சை மஞ்சள், இந்த மூடியும் மஞ்சள்” என்று சொல்லுங்கள். பிள்ளையின் கண் முதலில் பொருளில் போய் நிற்கும், அதற்குப் பிறகு நிறம் காதில் விழும். பிறகு மூன்று படி. முதலில் நீங்களே காட்டிச் சொல்லுங்கள்: “இது மஞ்சள்.” அடுத்து நீங்கள் சொல்ல, பிள்ளை எடுக்கட்டும்: “மஞ்சளை எடுத்துக் கொடு கண்ணு.” பிள்ளை தயங்காமல் எடுத்துக் கொடுத்தால்தான் மூன்றாவது: “இது என்ன கலர்?” நம்மில் பலர் மூன்றாவதிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். பதில் வராத பிள்ளை எழுந்து நின்று விழிக்கிறது, அன்றைக்கு முழுவதும் வாயைத் திறப்பதில்லை. “எல்லோ” என்று சொன்னால் அதுவும் சரி, “மஞ்சள்” என்று நீங்கள் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போங்கள்.

இரண்டாவது, நான் எப்போதும் தவறவிடாதது: ஒளிந்திருக்கும் மஞ்சள். வெளியே வேறு நிறம், உள்ளே மஞ்சள், அப்படிப்பட்ட பொருள்களை ஒரு துணியால் மூடி வையுங்கள். அவித்த முட்டை, காய்ந்த மஞ்சள் கிழங்கு, பச்சைத் தோல் மாம்பழம், பரங்கிக்காய். (முட்டையைப் பள்ளிக்குள் அனுமதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், மற்றவை போதும்.) ஒவ்வொன்றாக வெளியே எடுத்து “இது மஞ்சளா?” என்று கேளுங்கள். “இல்ல மிஸ்!” என்று வகுப்பே கத்தும். முட்டையை நூலால் இரண்டாக அறுங்கள். வெள்ளைக்கு நடுவில் மஞ்சள் வட்டம் தெரியும்போது அறையில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். மஞ்சள் கிழங்கை நீங்கள் வீட்டிலேயே ஒரு இடத்தில் இடித்து விரிசல் விட்டுக் கொண்டுவாருங்கள், வகுப்பில் படக்கென்று ஒடிக்க அது உதவும். மண் நிறத்தில் சுருங்கிக் கிடந்த கட்டைக்குள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் மினுக்கும். கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். “எங்க பாட்டி வாசனை” என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். ஈரோடு, சேலம் பக்கம் பள்ளி என்றால் மஞ்சள் வயல் உள்ள வீட்டுப் பிள்ளையே வகுப்பில் இருக்கலாம், அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் பெருமைதான்.

கத்தி உங்கள் கையில் மட்டும். வெட்டி முடித்ததும் அலமாரிக்கு மேலே.

மூன்றாவது வரிசைப்படுத்துவது. எலுமிச்சை, வாழைப்பழம், மாம்பழச் சதை, சாமந்தி, மஞ்சள் கிழங்கு, செண்டுமல்லி. வெளிறிய மஞ்சளிலிருந்து அடர்ந்த மஞ்சள் வரை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். இங்கேதான் அந்த ஆரஞ்சுப் பொருளுக்கு வேலை. “இதை எங்கே வைக்கலாம்?” என்று கேளுங்கள். செண்டுமல்லிக்குப் பக்கத்தில் வைக்கும் பிள்ளையும் இருக்கும், “இது மஞ்சளே இல்ல மிஸ்” என்று சண்டைக்கு வரும் பிள்ளையும் இருக்கும். தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் மஞ்சள் முடிந்து ஆரஞ்சு ஆரம்பிக்கிறது என்று பெரியவர்களே ஒத்துப்போவதில்லை. நான்கு வயதில் ஒரு பிள்ளை அதைப் பற்றி வாதாடுகிறது என்றால் நாள் வெற்றி.

அப்புறம் நடை. கையைக் கோத்து, ஆயாம்மா பின்னால் வர, பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று. பள்ளி வேன் மஞ்சள், ஆட்டோ மஞ்சள், வேனின் நம்பர் பிளேட் மஞ்சள், விழுந்து கிடக்கும் வேப்பிலை மஞ்சள். பார்த்ததும் கையைத் தூக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. ரயில் நிலையம் பக்கம் வீடு உள்ள பிள்ளைகளிடம், ஊர்ப் பெயர்ப் பலகை என்ன நிறம் என்று கேட்டு அனுப்புங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து. அடுத்த முறை ரயிலேறும்போது பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

கைவேலை

வாட்டர் கலர், பிரஷ் என்று முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நீங்கள் துடைப்பதிலேயே நேரம் போய்விடும். எல்கேஜிக்கு நல்லது கிழித்து ஒட்டுவது. பழைய நாளிதழ் இணைப்புகள், திருமண அழைப்பிதழ் உறைகள், சோப்பு அட்டை, இவற்றில் இருக்கும் மஞ்சளைத் தேடிக் கிழித்து, நீங்கள் வரைந்து கொடுத்த ஒரு பெரிய வாழைப்பழத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ ஒட்ட வேண்டும். தேடுவதற்குக் கண் வேலை செய்கிறது, கிழிப்பதற்கு விரல் வேலை செய்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பழகுவது பின்னால் பென்சில் பிடிக்கவும் உதவும். முழு வகுப்புக்கும் ஒரே சார்ட், ஆறு ஆறு பேராக வந்து ஒட்டட்டும். கோட்டுக்கு வெளியே போனால் போகட்டும், பிள்ளைகள் போன பிறகு நீங்கள் உட்கார்ந்து திருத்தி அழகாக்காதீர்கள். அது அவர்கள் சார்ட்.

கடலைப்பருப்பு ஒட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். யுகேஜிக்குச் சரி. அதைவிடச் சின்னப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், வேண்டாம்.

மஞ்சள் தாள் வித்தை

நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விடாதீர்கள். முதல் நாள் இரவே மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி நிழலில் காயவிடுங்கள். வகுப்பில் குளியல் சோப்பைக் கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, அந்தத் தாளில் ஒரு சூரியனை வரையுங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடும். பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு அதே கோட்டின்மேல் தடவுங்கள், மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழைய நிறத்துக்கு வரும். பிள்ளைகளுக்குக் காரணம் வேண்டாம், பார்த்தால் போதும். சுண்ணாம்பை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புத் தண்ணீருக்கே நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டையில் மஞ்சள் கறை பட்டுத்தான் தீரும். அன்று மாலை அம்மாக்களுக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம், நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். வெயில் மஞ்சளின் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

சாப்பாடு

மஞ்சள் சாப்பாடு என்றாலே கேசரி, லட்டு, கேக் என்று பேச்சு போகும். கடைப் பலகாரத்தில் போடும் மஞ்சள் நிறச் சாயப்பொடி எது என்று நமக்குத் தெரியாது. மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் உணவில் அனுமதிக்கப்படாதது, ஆனாலும் கலப்படத்தில் அடிக்கடி அடிபடும் பெயர். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி சாயம் இருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை வந்தது நினைவிருக்கும். அதனால் வீட்டுச் சாப்பாடே நல்லது. எலுமிச்சைச் சாதம், பருப்புச் சாதம், வாழைப்பழம், மாம்பழத் துண்டு, அன்னாசி. எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுக் கடலையும் பாப்கார்னும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும், சிலருக்கு வேர்க்கடலை ஒவ்வாமையும் உண்டு. டைரியில் வந்த குறிப்புகளை ஒரு தாளில் எழுதி ஆயாம்மா கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகள் டிபன் பாக்ஸைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளத்தான் செய்வார்கள்.

போட்டோ

நிர்வாகம் கேட்கும், பெற்றோரும் கேட்பார்கள். ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கி, வெள்ளைத் துணியையும் சார்ட்டையும் நடுவில் வைத்து ஒரு குழுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே நிற்க வைத்து எடுக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும், மீதிப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர் ஒப்புதல் இல்லாத படத்தைப் பள்ளியின் முகநூலிலோ உங்கள் ஸ்டேட்டஸிலோ போடக் கூடாது.

மறுநாளும் அதற்குப் பிறகும்

பொருள்களை அன்றே மூட்டை கட்டாதீர்கள். ஒரு மூலையில் சிறு மேசை போட்டு அடுத்த வாரம் முழுவதும் இருக்கட்டும். பழம், முட்டை மட்டும் அன்றே வெளியே போய்விட வேண்டும், எறும்பு வந்துவிடும். சாமந்தி வாடி நிறம் மாறுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

யாருக்கு நிறம் பிடிபடவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பெயர் சொல்லத் தெரியாதது பெரிய விஷயம் இல்லை, சில மாதத்தில் வந்துவிடும். ஆனால் துணித் துண்டுகளை ஜோடி சேர்க்கும்போதே ஒரு பிள்ளை தடுமாறினால், அதுவும் சிவப்பு தினத்திலும் பச்சை தினத்திலும் திரும்பத் திரும்ப அந்த இரண்டையும் மாற்றி எடுத்தால், தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பெற்றோரைத் தனியாக அழைத்துக் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நிறக்குறைபாடு பரம்பரையாக வருவது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. வகுப்பின் முன்னால் அந்தப் பிள்ளையைச் சோதிக்கவே கூடாது.

அடுத்த நிறத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். அடுத்தது நீலமாக இருக்கட்டும். நம் காய்கறிக் கூடையில் நீலம் கிடைக்காது, அதனால் சங்குப்பூவை இப்போதே தேடிவைக்க வேண்டும். மிஞ்சிய மஞ்சள் போஸ்டர் கலர் பாட்டிலை இறுக மூடிப் பத்திரப்படுத்துங்கள். நீலம் முடிந்த மறுவாரம், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு கரண்டி மஞ்சள், ஒரு கரண்டி நீலம் விட்டு, காற்றில்லாமல் மூடி, விளிம்பில் டேப் ஒட்டி, பிள்ளைகள் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லலாம். பச்சை தினம் அங்கிருந்து ஆரம்பிக்கும்.